மூங்கில் சிம்பில் ஓர் ஆகாயக் கப்பல்



சென்ற திங்கள் இப்பக்கத்தில் தீக்குச்சிகளால் சிற்றாலயம் அமைக்கும் முறையைக் கண்டோம். கிறிஸ்து பிறப்புக்கு நட்சத்திரக் கூடு கட்டிய வீடுகளில் மூங்கில் சிம்பும் மெல்லிய தாளும் இன்னும் மிச்சம் இருக்கும். அவற்றைக் கொண்டே இம்மாதம் ஆகாயக் கப்பல் செய்வோம். ஆகாயக் கப்பல் என்றால் விமானம் அன்று. காற்றினும் இலேசான வாயுவை வயிற்றில் அடக்கி, அதன் பலத்தால் மிதந்து, பொறிகளின் துணையால் திசைகண்டு சென்ற பெருங்கலம் அது.

இவற்றின் மாதிரிகளைச் செய்வோரில் இரு சாரார் உண்டு. உண்மையில் பறந்தவற்றை மட்டுமே செய்வோர் ஒரு சாரார். ஏட்டில் வரையப்பட்டு ஒருநாளும் எழும்பாதவற்றைத் தேடிச் செய்வோர் மற்றொரு சாரார். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். கற்பனைக் கப்பலே எளிது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

இத்தாலி நாட்டுப் பிரெஷியா நகரில் பிறந்த பிரான்செஸ்கோ லானா என்னும் இயேசு சபைத் துறவி, 1670-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆகாயக் கப்பல் ஒன்றை வரைந்து காட்டினார். மரப்படகு ஒன்று, நடுவே பாய்மரம், படகைத் தூக்கிப் பிடிக்க நான்கு பெரிய செப்பு உருண்டைகள். உருண்டைகளுக்குள் இருக்கும் காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டால், அவை சுற்றியுள்ள காற்றினும் இலேசாகி மேலே எழும் என்பது அவருடைய எண்ணம். ஒவ்வோர் உருண்டையும் ஏறத்தாழ 7½ மீட்டர் விட்டம்.

மேசைப் பந்தாட்டப் பந்தின் விட்டம் 4 செ.மீ. ஆகவே நான்கு பந்துகளும், மடித்து ஒட்டிய அட்டைப் படகும், ஒரு குச்சியும், கைக்குட்டைத் துண்டும் இருந்தால் லானாவின் கப்பல் ஏறத்தாழ 190-இல் ஒரு பங்கு அளவில் உங்கள் மேசையில் நிற்கும். அந்த அளவில் ஓர் ஆள் ஒரு நெல்மணி உயரமே இருப்பான். படகில் நாலைந்து நெல்மணிகளை நிறுத்தி வையுங்கள். அப்போதுதான் உருண்டைகளின் பருமன் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே மாலையில் முடிந்துவிடும் இம்மாதிரி பார்ப்பதற்கு வெகு உறுதியாக இருக்கும். அங்கேதான் அது நம்மை ஏமாற்றுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள். அத்தகைய உருண்டை ஒன்று இடம்பெயர்க்கும் காற்றின் எடை சுமார் 270 கிலோ. உருண்டை எழும்ப வேண்டுமானால் செப்புத் தகடு ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கினும் மெல்லியதாக இருக்க வேண்டும். உள்ளே வெற்றிடமானதும், வெளிக்காற்று அத்தகட்டை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 10 டன் அழுத்தத்தோடு நசுக்கும். அந்நொடியே உருண்டை கசங்கிய காகிதமாகும். நம் பந்து கசங்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் வயிற்றில் காற்று இருப்பதே.

லானா இதைச் சோதித்துப் பார்க்கவில்லை. செலவுக்குத் தம்மிடம் பணம் இல்லை என்பதற்கு அவருடைய ஏழ்மை வார்த்தைப்பாடே காரணம். ஆனால் தம் கப்பல் ஒருநாளும் பறக்காது என்று அவர் நம்புவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

உண்மையில் முதலில் எழும்பிய கலம் எது தெரியுமா? அதுவே ஒரு மாதிரிதான். பிரேசில் நாட்டில் பிறந்து 'பறக்கும் பாதிரியார்' என்று பெயர்பெற்ற பர்த்தொலொமேயு குஸ்மாவோ, 1709 ஆகஸ்டு மாதம் லிஸ்பன் நகரில் ஐந்தாம் ஜான் மன்னரின் முன்னிலையில், சூடான காற்று நிரம்பிய சிறு காகிதக் கூண்டு ஒன்றை மேலே எழச் செய்தார். அப்போது பாப்பரசரின் தூதராக இருந்து, பின்னர் 13-ஆம் இன்னொசென்ட் என்னும் பெயரில் பாப்பரசரானவரும் அதைக் கண்டவர்களில் ஒருவர். அவர் பெயரால் ஐரோப்பாவெங்கும் பரவிய படமோ வேறு. பறவையின் தலையும் வாலும் கொண்ட அலங்காரக் கப்பல் அது. அதை மரத்தில் செதுக்குவோர் பலர் உண்டு, அழகாகவும் இருக்கும். எனினும் எழும்பியது காகிதக் கூண்டே என்பதை மறைக்காமல், இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி உண்மைக் கப்பலுக்கு வருவோம். எத்தனையோ கப்பல்கள் இருக்க, நான் தேர்ந்தெடுப்பது ஜெர்மனியின் 'கிராப் செப்பலின்'. 1928 செப்டம்பரில் முதன்முறை பறந்தது. மறு ஆண்டு மார்ச்சில் புனித நாட்டுக்குச் சென்று, சாக்கடலின் மேல் கடல் மட்டத்துக்கும் கீழே தாழ்ந்து பறந்தது. ஆகாயக் கப்பல் கடலுக்குக் கீழே சென்றது என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். தேசப்படத்தைக் காட்டி விளக்குங்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் 21 நாட்களில் உலகையே சுற்றி வந்தது. இத்தனைக்கும் அதன் நீளம் 236 மீட்டருக்கும் மேல். விட்டம் 30½ மீட்டர்.

200-இல் ஒரு பங்கு என்று கொள்வோம். நீளம் 118 செ.மீ., விட்டம் 15 செ.மீ. ஆகும். நடுப்பகுதிக்குப் பெரிய வளையங்களையும், இரு முனைகளுக்கும் படிப்படியாகச் சிறுத்துவரும் வளையங்களையும் அட்டையில் வெட்டிக்கொள்க. அவற்றின் விளிம்பில் சம இடைவெளியில் பிளவுகள் இட்டு, மூங்கில் சிம்புகளை நீளவாட்டில் பதித்து ஒட்ட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு பக்கத்துச் சிம்புகளையெல்லாம் ஒட்டி முடித்துவிட்டு மறு பக்கம் போகாதீர்கள். ஒன்றை ஒட்டினால் அடுத்ததை அதற்கு நேர் எதிரே ஒட்டுக. இதை அறியாமல் நான் செய்த முதல் கப்பல், பசை காய்ந்ததும் வாழைப்பழம்போல வளைந்து போயிற்று. வீட்டார் சிரித்தார்கள், நான் இரண்டு நாள் பேசவில்லை.

சட்டம் நேரானபின் மெல்லிய தாளை நீண்ட பட்டைகளாக ஒட்டி, அதன்மேல் நீரைப் பனிபோல் தெளியுங்கள். காயும்போது தாள் தானே இறுகி, சுருக்கங்கள் மறையும். கீழே முன்புறத்தில் பயணிகள் அறை. வயிற்றின் அடியிலும் பக்கங்களிலும் ஐந்து பொறிக்கூடுகள். வாலில் சிலுவை வடிவாக நான்கு துடுப்புகள். பின்பு வெள்ளி வண்ணம்.

"இது பறக்குமா?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பறக்காது. பெரிய கப்பல் 1,05,000 கன மீட்டர் வாயு கொண்டது. நீளத்தை 200-இல் ஒரு பங்காகக் குறைத்தால் கொள்ளளவு 80 இலட்சத்தில் ஒரு பங்காகிவிடும். நம் கப்பலின் வயிறு 13 லிட்டர்தான். அதில் ஐதரசனையே நிரப்பினாலும் தூக்கக்கூடியது ஏறத்தாழ 14 கிராம். என் கப்பலின் எலும்புக்கூடு மட்டும் அதைப்போலப் பத்து மடங்கு எடை. வீட்டில் ஐதரசனை நிரப்பிப் பார்க்க எவரும் முயல வேண்டா. 1937 மே 6-ஆம் நாள் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் நகரில் 'ஹிண்டன்பர்க்' தீப்பற்றி 36 உயிர்களைக் கொண்டுபோனது அந்த வாயுவால்தான். அதற்குப்பின் கிராப் செப்பலினும் பயணிகளை ஏற்றவில்லை. 1940-இல் அதை உடைத்துப் போட்டார்கள்.

எஞ்சியிருப்பது வால் துடுப்புக்கு வண்ணம் தீட்டும் வேலை. என் கை நின்றுபோனது அங்கேதான்.

லானாவின் மற்றொரு காரணத்தைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். இத்தகைய கப்பல் உருவானால் எந்த நகரமும் காவலோடு இருக்க முடியாது, வானிலிருந்து வீடுகள்மேல் தீயை எறிவார்கள், ஆகவே இறைவன் இது நடக்க விடமாட்டார் என்று அவர் அதே நூலில் எழுதினார். 1915 ஜனவரி 19-ஆம் நாள் இரவு, ஜெர்மானிய ஆகாயக் கப்பல்கள் இங்கிலாந்தின் கிரேட் யார்மத், கிங்ஸ் லின் ஆகிய ஊர்களின்மேல் குண்டு வீசின. 245 ஆண்டுகளுக்கு முன் துறவி கண்ட தீக்கனா அன்றிரவு வீட்டுக் கூரைகள்மேல் விழுந்தது. விண்ணப்பத்தோடு சேர்ந்த அவருடைய நம்பிக்கையை நான் குறைகூறமாட்டேன். ஆனால் அப்பக்கத்தைப் படித்தவன், பந்துகளை ஒட்டும்போது விளையாட்டாக ஒட்ட முடியாது.

கிராப் செப்பலின் போருக்குச் சென்ற கப்பல் அன்று. ஆயினும் 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், அதன் வால் துடுப்பின் இடப்புறத்தில் சுவஸ்திகச் சின்னம் ஏறியது. வலப்புறத்தில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்னும் மூவண்ணப் பட்டை. அச்சின்னத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் கையால் தீட்டச் சொல்வதா? "நான் செய்வது 1929-ஆம் ஆண்டின் கப்பல், அப்போது அது இல்லை" என்று சொல்லி நழுவலாம். அது பொய்யும் ஆகாது. என் முதல் மாதிரியில் அப்படித்தான் செய்தேன்.

பின்னரே அதன் தலைவர் ஹூகோ எக்கனரைப் பற்றிப் படித்தேன். 1933 அக்டோபரில் சிகாகோ நகர உலகக் கண்காட்சிக்கு அக்கப்பலை அவரே செலுத்திச் சென்றார். நகரை அணுகியதும், கடிகார முள் செல்லும் திசையிலேயே அதைச் சுற்றி வந்தார். ஆகவே கீழே நின்ற மக்களுக்கு வலப்புற மூவண்ணமே தெரிந்தது; இடப்புறச் சின்னம் அவர்கள் கண்ணில் படவில்லை. சின்னத்தை அழிக்க அவருக்கு அதிகாரமில்லை. எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பது மட்டும் அவர் கையில் இருந்தது.

அதைப் படித்தபின் இரண்டாவது மாதிரி ஒன்றைச் செய்தேன். இருபுறமும் உள்ளவாறே தீட்டினேன். முதலில் இடப்புறம் சுவரை நோக்கும்படி அலமாரியில் வைத்திருந்தேன். எட்டு வயதுப் பேரப்பிள்ளை ஒருத்தி அதை எடுத்துத் திருப்பி, "தாத்தா, இதை ஏன் ஒளித்து வைத்தீர்கள்?" என்றாள். சிகாகோவின் கதையை அவளுக்குச் சொல்ல ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

இப்போது அக்கப்பல் கூடத்தின் நடுவே, உத்தரத்திலிருந்து ஒரு நூலில் தொங்குகிறது. மின்விசிறி ஓடும்போது மெல்லச் சுழல்கிறது.