பயணச்சீட்டு மாற்றங்கள் தொடர்பான கோரிக்கை மனு

பாரிஸ், 2025

அனுப்புநர்: பாரிஸ் புறநகர்வாழ் ஈழத்தமிழர் சார்பில், எமது சங்கத்தின் தலைவர், செயலாளர்

பெறுநர்: இல்-து-பிரான்ஸ் பிராந்தியப் பொதுப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகள்

பொருள்: புதிய பயணச்சீட்டு முறையை விளங்கிக்கொள்ள வழிசெய்தல், தெரியாமல் நேரும் தவறுகளுக்கு அபராதம் தவிர்த்தல்



லா கூர்நெவ், போபினி, திரான்சி முதலிய வடபுற நகரங்களில் வசிக்கும் எமது மக்களின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

2025 ஜனவரி 1 முதல் தனிச்சீட்டுகளுக்கு வலயக் கணக்கு நீங்கியது. மெற்றோ, ரயில், ஆர்.இ.ஆர் (புறநகர் விரைவு ரயில்) ஆகியவற்றுக்கு 2.50 யூரோ, பஸ், திராம் ஆகியவற்றுக்கு 2 யூரோ என, விமான நிலையங்கள் நீங்கலாக, பிராந்தியம் முழுவதற்கும் ஒரே விலை வந்தது. தொலைவிலிருந்து வேலைக்கு வருவோருக்கு இது நல்ல சலுகை, வரவேற்கிறோம். ஆனால் நடைமுறையில் எமது மக்கள் படும் சிரமங்கள் வருமாறு:

முன்பு மெற்றோவுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே வகைச் சீட்டே பயன்பட்டது. இப்போது சீட்டுகளை ஏற்றிப் பயன்படுத்தும் நவிகோ ஈசி அட்டையில் மெற்றோச் சீட்டுகள் மட்டும் வைத்திருப்பவர் பஸ்ஸில் ஏறினால் சிவப்பு விளக்கு எரிகிறது. "கார்ட்டில ரிக்கற் இருக்குத்தானே?" என்று கேட்கும் முதியவருக்குச் சாரதி பிரெஞ்சில் சொல்லும் பதில் விளங்குவதில்லை.

2025 விலைப்படி, ஆர்.இ.ஆர் பி தடத்தில் திரான்சியில் இறங்கினால் 2.50 யூரோ, அதே ரயிலில் சார்ல் து கோல் விமான நிலையம் வரை போனால் 13 யூரோ. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பெற்றோரை அழைக்கப் போகிறவர் இதை அறிவது பெரும்பாலும் விமான நிலையக் கதவு திறக்காதபோதுதான். விமான நிலையச் சீட்டையும் சாதாரண ரயில் சீட்டையும் ஒரே ஈசி அட்டையில் ஏற்றவும் முடியாது.

மெற்றோவில் வந்து பஸ் மாறுபவருக்கு, 2025 விலைப்படி, தனிச்சீட்டுகளில் 4.50 யூரோ ஆனது. பயணித்த பின் கட்டணம் அறவிடப்படும் நவிகோ லிபெர்த்தே+ அட்டை வைத்திருப்பவருக்கு அதே பயணம் 1.99 யூரோவாகவே இருந்தது. ஆனால் அந்த அட்டைக்கு வங்கிக் கணக்கு வேண்டும். அகதி விண்ணப்பம் முடிவாகாமல் காத்திருப்போர் பலருக்கு அது இல்லை. ஆக, வசதி குறைந்தவரே கூடுதலாகச் செலுத்துகிறார்.

எனவே பின்வரும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. கார் து நோர், லா சப்பல், லா கூர்நெவ் நிலையங்களில் சீட்டு வகைகளைப் படங்களுடன் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் விளக்கும் பலகைகள் வைக்க வேண்டும்.

2. ஆர்.இ.ஆர் பி பெட்டிகளுக்குள்ளும் நுழைவுக் கதவுகளிலும் விமான நிலையக் கட்டணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். எல்லாச் சீட்டுகளையும் ஒரே அட்டையில் ஏற்ற அனுமதிக்க வேண்டும்.

3. செல்லுபடியாகும் சீட்டு இருந்தும் வகை மாறிப் பயணிப்பவரிடம் முதல் தடவை விலை வித்தியாசத்தை மட்டும் அறவிட வேண்டும். சீட்டே எடுக்காதவரைப் போல அவருக்கும் அபராதம் விதிக்கலாகாது.

4. வங்கிக் கணக்கு இல்லாதோருக்கு, முற்பணம் செலுத்திப் பயன்படுத்தும் அட்டையிலும் மெற்றோவிலிருந்து பஸ்ஸுக்கு மாறும் சலுகை வழங்க வேண்டும்.



விடியுமுன் துப்புரவு வேலைக்கும் நள்ளிரவில் உணவகச் சமையலறையிலிருந்து வீட்டுக்கும் இந்த ரயில்களையே நம்பியிருக்கும் மக்கள் நாம். கட்டணம் செலுத்த ஒருபோதும் மறுக்கவில்லை. எதற்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே விளங்கச் சொல்லுங்கள் என்றே கேட்கிறோம். விளக்கப் பலகைகளைத் தமிழில் மொழிபெயர்த்துத் தரும் பணியை எமது சங்கம் கட்டணமின்றிச் செய்யும். எமது பிரதிநிதிகளை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்
மற்றும் உறுப்பினர்கள்