ஆண்டுகளைக் கூட்டினால் துப்பாக்கி அடங்காது

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்து, பிடிபட்டவர் ஏற்கெனவே சிறைக்குப் போய் வந்தவர் என்று தெரிந்தால் உடனே ஒரு கோரிக்கை எழும்: துப்பாக்கியோடு திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவருக்கு, நீதிபதியே நினைத்தாலும் குறைக்க முடியாத நீண்ட சிறைத்தண்டனை வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இப்படிக் கேட்பதில் முழு நியாயம் உண்டு. ஆனால் 1970களிலிருந்து பல மாநிலங்களும், 1980களிலிருந்து மத்திய அரசும் செய்து பார்த்துவிட்ட ஏற்பாடு இது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டே வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "தண்டனை கடுமையானால் பயம் வரும்."

குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தால் கூடுதலாக 2 ஆண்டு கட்டாயச் சிறை என்று மிச்சிகன் மாநிலம் 1977இல் சட்டம் கொண்டுவந்து, ஊரெங்கும் விளம்பரமும் செய்தது. டெட்ராய்ட் நகரை ஆராய்ந்தவர்களால், அந்தச் சட்டத்தால் வன்முறை குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. எதிர்ச் சான்றும் இருக்கிறது: இத்தகைய சட்டங்களுக்குப் பின் துப்பாக்கிக் கொள்ளைகள் சுமார் 5 சதவீதம் குறைந்ததாக 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பலன் ஏன் இவ்வளவு சிறிதாக நிற்கிறது? துப்பாக்கியைத் தூக்குபவன் தண்டனை எத்தனை ஆண்டு என்று கணக்குப் பார்ப்பதில்லை. மாட்டிக்கொள்வோமா என்றுதான் பார்க்கிறான். 2020இல் அந்நாட்டில் நடந்த கொலைகளில் ஏறக்குறைய பாதியில் துப்புத் துலங்கவில்லை. பிடிபடாதவனுக்கு 5 ஆண்டும் 25 ஆண்டும் ஒன்றுதான்.

2. "சட்டம் வந்த பிறகு குற்றம் குறைந்ததே."

1999இல் வந்த ஃபுளோரிடாவின் '10-20-ஆயுள்' என்ற கட்டாயத் தண்டனைச் சட்டத்தை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அமெரிக்காவில் வன்முறைக் குற்றங்கள் 1990களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு நாடு முழுவதும் இறங்கின. அப்படியொரு சட்டம் இல்லாத மாநிலங்களிலும் இறங்கின. ஃபுளோரிடாவிலேயே சட்டத்துக்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது.

3. "திருந்தாத கொடியவர்கள் மட்டுமே மாட்டுவார்கள்."

இந்த வாதம்தான் மிக மோசமாகப் பொய்த்தது. சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த வெல்டன் ஏஞ்சலோஸ் என்ற இளைஞர், காவல்துறைக்குத் தகவல் தருபவர் ஒருவரிடம் கஞ்சா விற்றார். இரண்டு முறை துப்பாக்கி உடனிருந்தது. பிறகு வீட்டைச் சோதித்தபோதும் துப்பாக்கிகள் கிடைத்தன. யாரையும் சுடவில்லை, யாருக்கும் காயமில்லை. ஆனால் மூன்றும் ஒரே வழக்கில் மூன்று துப்பாக்கிக் குற்றங்களாகப் பதிவாயின. முதலாவதற்கு 5, அடுத்த இரண்டுக்கும் தலா 25, ஆக 55 ஆண்டு. ஒரு தண்டனையையும் அனுபவித்துத் திருந்த வாய்ப்பே பெறாதவரை, மீண்டும் மீண்டும் குற்றம் செய்தவராகச் சட்டம் கணக்கிட்டது. 2004இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி பால் கசெல், அதே நாளில் ஒரு மூதாட்டியை அடித்துக் கொன்றவருக்கு 22 ஆண்டுதான் கொடுத்திருந்தார். இந்தத் தண்டனை அநியாயம் என்று தீர்ப்பிலேயே எழுதி, குறைக்கும்படி குடியரசுத் தலைவரைக் கேட்டுக்கொண்டார். ஏஞ்சலோஸ் 2016இல்தான் வெளியே வந்தார்.

வூடன் என்பவரின் வழக்கும் இப்படித்தான். 1997இல் ஜார்ஜியாவில் ஒரே இரவில், ஒரே கட்டடத்தில், சாமான் வைக்கும் பத்து வாடகை அறைகளை அவர் உடைத்துத் திருடினார். பல ஆண்டுகள் கழித்து வீட்டில் துப்பாக்கி சிக்கியபோது, அந்த ஒரே இரவு பத்து முன்குற்றங்களாக எண்ணப்பட்டது. கடுமையான முன்குற்றம் மூன்று உள்ளவரிடம் துப்பாக்கி இருந்தால் குறைந்தது 15 ஆண்டு என்பது 1984ஆம் ஆண்டு மத்திய சட்டம். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 16 ஆண்டு. உச்ச நீதிமன்றம் 2022இல் ஒருமனதாக அதைத் தவறென்றது.

4. "நீதிபதிகள் இளகிய மனத்தோடு விட்டுவிடுகிறார்கள்."

நீதிபதியின் கையைக் கட்டினால் அதிகாரம் மறைந்துவிடாது. அரசு வழக்கறிஞரின் கைக்குப் போகும். எந்தப் பிரிவைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அவரே முடிவு செய்கிறார். "குற்றத்தை ஒப்புக்கொள், துப்பாக்கிப் பிரிவை நீக்குகிறேன்" என்று அவர் பேரம் பேசலாம். மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். நீதிபதியின் முடிவை மேல்முறையீட்டில் கேள்வி கேட்கலாம். மூடிய அறைக்குள் நடக்கும் பேரத்தை யார் கேட்பது? அதன் சுமையும் எல்லோர் மீதும் சமமாக விழவில்லை: 2016 நிதியாண்டில் இத்தகைய துப்பாக்கிப் பிரிவுகளில் தண்டிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்.

5. "உள்ளே இருப்பவன் வெளியே சுட முடியாது."

உண்மை. ஆபத்தானவரை அடைத்துவைக்கத்தான் வேண்டும். ஆனால் வன்முறை பெரும்பாலும் இளவயதில் உச்சம் தொட்டு, முப்பதுகளில் வேகமாகத் தணிகிறது. அறுபது வயதுக் கைதியைக் காக்கும் பணம், துப்புத் துலங்காத கொலைகளை விசாரிக்கும் காவலர்களுக்குப் போகவில்லை. பாஸ்டன் நகரம் 1996இல் வேறு வழியில் போனது. வன்முறையின் மையத்தில் இருந்த சில குழுக்களை நேரில் அழைத்து, சுட்டால் விடமாட்டோம் என்று எச்சரித்து, வெளியேற விரும்பியவர்களுக்கு உதவியும் தந்தது. இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். அங்கும் கடும் தண்டனை பற்றிய மிரட்டல் இருந்தது. ஆனால் யாருக்கு, எதற்கு என்பது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட்டது.

இந்தச் சட்டங்களை இயற்றியவர்களே பிறகு அவற்றைத் தளர்த்தினார்கள்: ஃபுளோரிடா 2016இல், கலிபோர்னியா 2017இல், அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல். கொடிய குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனை இருக்கட்டும். ஆனால் ஆளையும் செயலையும் பார்க்காமலே ஆண்டுகளை நிர்ணயிக்கும் கட்டாயக் குறைந்தபட்சம் போக வேண்டும். மகனை இழந்த தாய்க்கு அரசு முதலில் கடன்பட்டிருப்பது, கொன்றவனைக் கண்டுபிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குத்தான். இத்தனை கொலைகளில் அதைச் செய்யாத அரசு, மீதியில் ஆண்டுகளைக் கூட்டி அந்தக் கடனை அடைத்துவிட முடியாது.