பராமரிப்பு வேண்டாத வீடு

சென்ற மாதம் அவிநாசி சாலையில் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தோம். பின்னலாடைத் தொழிலில் இருபது ஆண்டுகள் உழைத்துக் கட்டிய வீடு. முதல் மாடியின் திறந்தவெளியில் பலகை பாவிய தளம் ஒன்றை அமைத்திருந்தார். ‘டெக்’ என்கிறார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தோம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த பலகை. “இதுக்குப் பராமரிப்பே வேண்டாமுங்க” என்றார் நண்பர் பெருமையுடன். வீடு திரும்பும்வரை அந்தச் சொல் எங்களை உறுத்திக்கொண்டே வந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு மரத்தளம் இருக்கிறது. அதைப் பராமரிக்கத் தெரியாமல் ஒருமுறை கெடுத்தவர்கள் நாங்கள்.

பல்லடத்துக்கு அருகே இருந்த எங்கள் அப்பிச்சி வீட்டின் மச்சு முழுதும் தேக்குப் பலகை. கம்பெனிக் கட்டடம் எழுப்புவதற்காக அவ்வீட்டை இடித்தபோது, பலகைகளை மட்டும் வண்டியேற்றிக் கொண்டுவந்து எங்கள் மொட்டைமாடியில் பாவினோம். அது ஆனைமலைத் தேக்கு என்று அப்பிச்சி சொல்வார். மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்டதால் டாப்சிலிப் என்று பெயர்பெற்ற இடத்துக்கு 1915 வாக்கில் வந்த வன அலுவலர் ஹியூகோ வுட், வெட்டி வெறுமையான தேக்குக் காட்டை மீண்டும் வளர்த்தெடுத்தார். அவருடைய கல்லறையும் அந்தக் காட்டிலேயே இருக்கிறது. ஒரு தேக்கு முதிர ஒரு மனிதனின் ஆயுள் வேண்டும். அப்படி வந்த பலகையில் ஒன்றை நாங்கள் மூன்றே ஆண்டுகளில் உளுக்கச் செய்தோம்.

செய்த பிழை எளியது. பளபளப்பாக இருக்கவேண்டும் என்று வார்னிஷைக் கனமாகப் பூசினோம். வெயிலில் மரம் விரிந்து சுருங்க, மேற்பூச்சு வெடித்தது. வெடிப்பின் வழியே இறங்கிய மழைநீர் பூச்சுக்கு அடியில் தங்கிவிட்டது. பார்க்க வந்த ஆசாரி பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மரத்துக்குச் சட்டை மாட்டி உட்டிருக்கீங்க. உள்ள போன தண்ணி எப்படிங்க வெளிய வரும்? எண்ணெயல்லங்க தேச்சு உடோணும்.”

உளுத்த பலகையை அவர் பிளந்து காட்டினார். நடுப்பகுதி கல்லைப்போல் இருந்தது. ஓரத்தில் வெளிறிய பகுதி மட்டும் பொடியாக உதிர்ந்தது. வகுப்பில் தொல்காப்பிய மரபியலை நடத்தும்போது, உள்ளே வைரம் உடையது மரம், புறத்தே வைரம் உடையது புல் என்று ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். தென்னையும் மூங்கிலும் ஏன் ‘புல்’ ஆயின என்று வினாத்தாளில் கேட்டும் இருக்கிறோம். அந்த நூற்பாவின் பொருளை மொட்டைமாடியில், ஒரு ஆசாரியின் கையில்தான் கண்ணால் கண்டோம்.

அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்டவை அதிகமில்லை. பலகை காங்கிரீட்டின்மேல் நேரே படுக்கக்கூடாது. அடியில் ரீப்பர் கட்டை கொடுத்துக் காற்றோட்டம் வைக்கவேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி வேண்டும். எங்கள் ஊரில் அந்த இடைவெளியைப் பஞ்சுத்தூசி அடைத்துக்கொள்ளும். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். வாரம் ஒருமுறை குச்சியால் கீறிவிட வேண்டும். இரும்பாணி துருவேறி மரத்தைக் கறுக்கச் செய்யும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே நல்லது. பலகையின் வெட்டுமுனைதான் நீரை மிகுதியாக உறிஞ்சும். எண்ணெய் அங்கே இருமுறை ஏறவேண்டும். வெயிலில் மரம் சாம்பல் நிறமாவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அது மேல்தோலின் மாற்றமேயன்றி உளுப்பு அன்று.

எண்ணெய் இடுவதற்கு உரிய காலத்தை இந்த மண்ணே சொல்லித்தருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு காய்ந்த நாளில், ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, மிஞ்சியதைத் துடைத்துவிடுகிறோம். துடைப்பதற்குத் திருப்பூரில் பனியன் வேஸ்டுக்கா பஞ்சம்! ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் குவித்துப்போட்டால், அது காற்றோடு கலந்து உலரும்போது எழும் சூட்டிலேயே தானாகத் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்தி, பிறகே எறியவேண்டும்.

நண்பரின் பலகையைக் குறைசொல்வது எங்கள் நோக்கமன்று. அதைக் கரையான் அரிக்காது, எண்ணெயும் வேண்டாம். என்றாலும் அதையும் பெருக்கவேண்டும், கழுவவேண்டும். சித்திரை வெயிலில் அதன்மேல் வெறுங்காலுடன் நிற்கவும் முடியாது. எங்களை உறுத்தியது ‘பராமரிப்பே வேண்டாம்’ என்ற ஆசைதான். எதுவும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பிய ஊர் எங்களுடையது. நொய்யலின் குறுக்கே 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சாயக்கழிவின் தொட்டியாக முடிந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோதுதான், தள்ளிப்போட்ட பராமரிப்பின் விலை என்ன என்று ஊர் முழுதும் உணர்ந்தது. பட்டறைத் தொழிலாளிக்கு அந்த விலை கூலியாகவே போயிற்று.

ஒரு மரத்தளத்தையும் ஓர் ஆற்றையும் ஒரே தட்டில் வைப்பது மிகை என்று நண்பர்கள் சொல்லலாம். அளவில் மிகைதான், பழக்கத்தில் அன்று. ஆண்டுக்கு ஒருநாள் முழங்காலிட்டு எண்ணெய் தேய்க்கும் பிள்ளைக்கு, பொருள்கள் கவனிப்பைக் கேட்கும் என்பது தெரிந்துவிடுகிறது. ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று விற்கப்படும் வீட்டில் அதைக் கற்பதற்கான இடம் எது?

வரும் புரட்டாசியில் நண்பரின் பிள்ளைகளையும் எங்கள் மாடிக்கு அழைத்திருக்கிறோம். பழைய வேட்டியும் சட்டையும் போதும். பனியன் வேஸ்ட் நாங்கள் தருகிறோம்.