ஸ்டோர் ரூம் என்று வரைந்த சமையலறை

சென்ற மாதம் சென்னையின் மேற்குப் பகுதியில் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு கிரவுண்டு மனை. தரைத்தளமும் இரண்டு மாடியும். வாசலில் செருப்பு விடும் இடத்துக்கு நேர் மேலே மீட்டர் போர்டு. அதில் ஏழு மீட்டர்கள். ஒன்று மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும். மற்ற ஆறும் ஆறு குடித்தனங்களுக்கு. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எடுத்துவந்து விரித்த அனுமதி வரைபடத்தில் தளத்துக்கு ஒன்றாக மூன்று சமையலறைகள்தான் இருந்தன. மற்ற மூன்றும் இருந்த இடத்தில் ‘ஸ்டோர்’ என்று எழுதியிருந்தது. அந்த ஸ்டோர் ரூம் ஒவ்வொன்றுக்கும் தண்ணீர்க் குழாயும் வடிகால் குழாயும் பிளம்பிங் படத்தில் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தன.

இந்த இதழை வாசிக்கும் பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள், நகரமைப்பு ஆய்வாளர்கள் பெரும்பாலோர் இப்படியொரு ஸ்டோர் ரூமை எப்போதாவது வரைந்திருப்போம். அல்லது என்னவென்று தெரிந்தே கையெழுத்துப் போட்டிருப்போம். நானும் வரைந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், “எல்லாரும் இப்படித்தானே சார் போடுறாங்க” என்று வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு வரைந்தேன். அந்தத் தெருவில் பின்னால் எழுந்த தகராறில் என் வரைபடத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

வீட்டுக்குள் போர்ஷன் கூடுவது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. அது நகரத்துக்கு வேண்டியது. பென்ஷன் இல்லாமல் ஓய்வு பெற்றவருக்கு மாடி வாடகைதான் பென்ஷன். மருத்துவமனையில் இரவு ஷிப்ட் பார்க்கும் செவிலியருக்கும், கல்யாணமாகி ஆறு மாதமான தம்பதிக்கும் புது அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் கட்டுப்படியாகாது. ஒரு படுக்கையறை போர்ஷன்தான் கட்டுப்படியாகும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உயரம் குறைந்த கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ.யை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், 4,800 சதுர அடி கட்டலாம். ஒரே குடும்பத்துக்கு யாரும் அவ்வளவு கட்டுவதில்லை. போர்ஷன் வரும் என்பது விதியை எழுதியவர்களுக்கே தெரிந்ததுதான். மின்கட்டணமும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. 2016 முதல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். தனி மீட்டர் வைத்துக்கொள்வதுதான் குடியிருப்பவருக்கு லாபம். ஆகவே ஒரு வீட்டில் எத்தனை குடித்தனம் என்பதை வரைபடத்தைவிட மீட்டர் போர்டு நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

தகராறு எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்ப்போம். நான் போன வீட்டில் மாடி போர்ஷன்களுக்குத் தனி வழி வேண்டும் என்று மேற்குப் பக்கத்து சைடு செட்பேக்கில் இரும்பு மாடிப்படி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். வரைபடத்தில் அது இல்லை. படிக்கட்டின் மறைப்புத் தகடு மழைக்காக மேலே வரை போயிருந்தது. அதற்கு நேர் எதிரே, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுச் சமையலறை ஜன்னல். நான் டேப் வைத்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே ஐந்தரை அடி. அந்த வீட்டு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

“முப்பது வருஷமா இந்த ஜன்னல்லதான் தம்பி எனக்குப் பொழுது விடியும். இப்போ பதினோரு மணிக்கும் லைட்டைப் போட்டாத்தான் அரிசியில கல்லு தெரியுது.”

“இடிக்கச் சொல்றீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“இடிக்கவா சொன்னேன்? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை வந்து கேட்டிருந்தா, படிக்கட்டை அந்தாண்ட வைங்கன்னு சொல்லியிருப்பேன்ல? யாருமே கேக்கலையே.”

இவர் போட்ட மனுவில் இந்த ஜன்னலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அனுமதியில்லாத குடியிருப்பு அலகுகள், செட்பேக் மீறல், வாகன நிறுத்துமிடக் குறைபாடு என்று மனு எழுதிக் கொடுப்பவர் வழக்கமாக எழுதும் வாசகங்களே இருந்தன. அலுவலகத்தில் எடுபடுவது அதுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் இந்தத் தகராறைத் தீர்க்க உட்கார்ந்த ஒருவருக்கும் அது எதைப் பற்றியது என்றே தெரியவில்லை.

திட்ட அனுமதி என்பது அரசுக்கும் மனைக்காரருக்கும் நடுவே உள்ளது. பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், அதன் 15-ஆவது பிரிவு: ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையாகவே வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால் அது சட்டப்படியான உரிமையாகிவிடுகிறது. அந்த 20 ஆண்டுகள் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். காலம் தாழ்த்தியவருக்கு உரிமை நழுவும். வெளிச்சம் கொஞ்சம் குறைந்ததற்கெல்லாம் இழப்பீடு கிடைக்காது. உள்ளே குடியிருப்பவரின் உடல் சௌகரியத்தைப் பெரிதும் பாதித்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். நம் வரைபடம் செட்பேக் விதியை அப்படியே கடைப்பிடித்தாலும் இந்த உரிமை தனியாக நிற்கும். இந்தச் சட்டத்தை நாம் கல்லூரியில் ஏதோ ஒரு தாளில் படித்ததோடு சரி. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எங்கே இருக்கின்றன என்று தள வரைபடத்தில் குறிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. நம் சைட் பிளானில் பக்கத்து மனை என்பது வெறும் ஒரு பெயர். சமயத்தில் ‘பிறர் மனை’ என்ற இரண்டு சொல்.

அந்த அம்மாவின் குரல் எந்தக் கட்டத்தில் அலுவலகத்தை எட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். சாதாரண வீட்டுக்கு அனுமதி தரும்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கும் ஏற்பாடு நம் நடைமுறையில் கிடையாது. கட்டடம் எழுந்த பிறகு, காங்கிரீட் இறுகிய பிறகு, வாடகைக்கு ஆள் வந்த பிறகுதான் அவர் மனு போடுகிறார். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் போகும். பூட்டி முத்திரை வைக்க உத்தரவு வரும். அதன்மேல் அரசுக்கு மேல்முறையீடு, பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட். இதற்குள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியிருப்பார்கள். முன்கூட்டிக் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும் விஷயம் பத்து வருடம் இழுக்கிறது.

இன்னொரு பக்கம் சாக்கடை. இதை நாம் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு நாம் கையாளும் அளவு. ஐந்து பேர் குடும்பத்துக்கு 675 லிட்டர். அதே மனையில் ஆறு குடித்தனம், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 3,240 லிட்டர். அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்புகிறது என்று கொண்டால் ஏறக்குறைய 2,600 லிட்டர் அந்த ஒரே வீட்டு இணைப்பு வழியாகத் தெருக் குழாய்க்குப் போகிறது, அதிலும் பெரும்பகுதி காலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள். பழைய வீட்டுவசதி வாரியத் தெருக்களில் குழாய் போடும்போது மனைக்கு ஒரு வீடு என்றுதான் நினைத்திருப்பார்கள். தெருவின் தாழ்ந்த கோடியில் இருக்கும் வீட்டுக் கழிவறையில் தண்ணீர் மேலே எழும்பி வருகிறது. மேட்டில் போர்ஷன் கட்டியவருக்கு இது தெரியாது. “நான் எங்க வீட்டுக்குள்ளதானே கட்டினேன்” என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. எந்த ஒரு வீட்டின் வரைபடத்திலும் இது தெரியாது; தெருவைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். குடியிருப்பு அலகு கூடும்போது கழிவுநீர் இணைப்பின் அளவையும் தெருக் குழாயின் நிலையையும் குடிநீர் வாரியத்திடம் கேட்டுப் பெறுவது அனுமதியின் பகுதியாக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

வண்டி நிறுத்தும் சண்டை எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்டில்ட்டைச் சுவர் வைத்து அடைத்து அங்கேயும் ஒரு போர்ஷன் போட்டால் பைக்குகள் எங்கே போகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் அக்கம்பக்கத்தார் சம்மதம் இல்லாமல் அனுமதி கிடையாது என்று விதி செய்துவிடலாமே என்று சில வாசகர்கள் எழுதுகிறார்கள். அந்த வழியில் நான் வரமாட்டேன். அமெரிக்கா அந்த வழியில் வெகுதூரம் போய்ப் பார்த்துவிட்டது. ஓஹியோ மாநிலத்தின் யூக்ளிட் ஊர் தொடர்பான வழக்கில் 1926-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மண்டலப் பிரிப்பை ஏற்றுக்கொண்டபோது, தனி வீடுகள் நடுவே வரும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. அதற்குப் பின் வந்த பல பத்தாண்டுகள் வீட்டின் பின்புறம் ஒரு சிறு வீடு கட்டவும் பல ஊர்களில் பொது விசாரணையைத் தாண்ட வேண்டியிருந்தது. விசாரணையில் சாக்கடையைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. எப்படிப்பட்ட ஆட்கள் குடிவருவார்களோ என்று பேசியவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் வாடகை தாங்க முடியாமல் போனபின் சட்டமன்றம் படிப்படியாகத் தலையிட்டது. விசாரணை வேண்டாம், விதிக்கு உட்பட்டிருந்தால் அனுமதி கொடு என்று 2002-இலேயே சட்டம் செய்தது. ஊர்கள் மனை அளவு, வண்டி நிறுத்துமிடம் என்று நிபந்தனைகளை அடுக்கி அதை முடக்கின. 2016-இலும் 2019-இலும் வந்த சட்டங்கள் அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக உருவின. 2020 முதல் 60 நாளுக்குள் முடிவு. பக்கத்திலும் பின்னாலும் நான்கு அடி விட்டால் போதும். குறைந்தபட்ச மனை அளவு என்று ஒன்று கேட்கக் கூடாது.

நம் தெருக்களில் சம்மதம் கேட்டால் என்ன நடக்கும்? “பேச்சிலர்ஸுக்கு விடப்போறாங்க”, “கறி சமைக்கிறவங்க வருவாங்க”, இன்ன ஊர்க்காரர், இன்ன சாதிக்காரர் என்று காதில் விழும். வீடு தேடி அலைந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆட்சேபனைக்கு அரசு முத்திரை குத்தித் தரக் கூடாது. ஜன்னல், தண்ணீர், சாக்கடை, வண்டி, இவை டேப்பாலும் லிட்டராலும் அளக்கக் கூடியவை. இவற்றைப் பற்றிப் பேச அக்கம்பக்கத்தாருக்கு முழு உரிமை உண்டு. யார் குடிவரலாம் என்பதில் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இந்தக் கோட்டை நடைமுறையில் கிழிக்கக் கூடியவர்கள் தொழில் செய்யும் நாம்தான்.

ஏனென்றால் பொறுப்பு நம் மேசைக்கு வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுபவர்களுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்னதாகத் தள ஆய்வு இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய நிவாரணம், நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தக் காகிதத்தில் உள்ளது உண்மைதானா என்று பார்க்க இனி இன்னொரு கண் வராது. வரன்முறைப்படுத்தல் பின்னால் வரும் என்ற நம்பிக்கையிலும் வரையக் கூடாது. 28.2.1999-க்கு முன் கட்டியவற்றுக்காக ஒரு முறை மட்டும் என்று வந்தது 113-ஏ பிரிவு. பிறகு 1.7.2007-ஐக் கெடுவாக வைத்து 113-சி வந்தது. தேதி நகரும் என்று மக்கள் கற்றுக்கொண்டார்கள். 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேறு திசையில் போகிறது: அனுமதி வரைபடத்தைக் கட்டுமானம் முடியும் வரை தளத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும், நிறைவுச் சான்றிதழைப் பார்த்தபின்தான் மின், குடிநீர் இணைப்பு தர வேண்டும் என்கிறது. மின் இணைப்புக்கே சான்று கேட்கும் நிலை வந்தால், ஸ்டோர் ரூமில் அடுப்பு வைத்தவர் நாளை நம்மிடம்தான் வந்து நிற்பார்.

எனவே தோழர்களே, சமையலறையைச் சமையலறை என்றே வரைவோம். அலகு கூடினால் கூடியதென்று காட்டி, அதற்கான கட்டணத்தைக் கட்டவைப்போம். விதி இடம் தராவிட்டால் இடமில்லை என்று வீட்டுக்காரரிடம் நேரே சொல்வோம். அந்த வேலை கைவிட்டுப் போகும் என்பது எனக்குத் தெரியும், எனக்கும் போயிருக்கிறது. சைட் பிளானில் இரு பக்கத்து வீடுகளின் ஜன்னல்களையும், அவர்களின் கிணறு, சம்ப், செப்டிக் டேங்க் இருக்கும் இடங்களையும் குறிப்போம். தளத்தில் மாட்டும் வரைபடம் 1:100 அளவில் நீலக்கோடுகளாக இருந்தால் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்ன புரியும்? அதன் பக்கத்திலேயே தமிழில் ஒரு தாள்: எத்தனை குடித்தனம், படிக்கட்டு எந்தப் பக்கம், சுவர் எவ்வளவு உயரம், கழிவுநீர் எங்கே சேர்கிறது, வண்டி எத்தனை நிற்கும். வரையத் தொடங்குமுன் இரண்டு பக்கமும் கதவைத் தட்டி, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வருவோம். சட்டம் கேட்கவில்லை என்பது உண்மை. நாம் செய்வதைத் தடுக்கவும் இல்லை.

நான் பார்த்த வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் பத்தடி இருக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு ஜன்னலும் இல்லை; விதி கேட்கும் இடைவெளியை விட்டபின்னும் படிக்கட்டு நிற்கும், இரண்டு பைக்குக்கான இடம் மட்டும் போகும். இரும்புப் படிதான், போல்ட்டைக் கழற்றினால் நகரும். அதைப் பென்சிலில் வரைந்து, ஆறு சமையலறையையும் உள்ளபடி குறித்து, திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். விதி எத்தனை அலகை ஏற்கிறதோ அத்தனைதான் நிற்கும் என்றும் சொன்னேன். அவர் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதை அந்தம்மாகிட்ட நீங்களே காட்டுறீங்களா சார்?” என்றார். இருவருமாகப் போய்க் கதவைத் தட்டினோம்.