கூலி என்றால் சம்பளம், ஆள் அல்ல

குர்லா டெர்மினஸில் கோயம்புத்தூர் வண்டி வந்து நின்றதும் பெட்டிக்குப் பெட்டி ஒரு குரல் எழும். "ஏ, கூலி!" அப்படிக் கூப்பிடுகிறவர்களில் நம்மவர்களும் உண்டு. சிவப்புச் சட்டையும் கையில் வில்லையுமாக ஓடி வரும் அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைக் கேட்க நமக்கு நேரமில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதும் இல்லை.

இந்தச் சொல் இன்று ஆங்கில அகராதியில் ஏறிவிட்ட ஒரு பெயர்ச்சொல். சி, இரண்டு ஓ, எல், ஐ, ஈ என்று அதை எழுதுவார்கள். கடைசியில் ஒய் போட்டு முடிப்பதும் உண்டு. கூலி வேலை செய்யும் ஆசிய நாட்டு ஆள் என்பது அங்கே அதன் பொருள். இழிவாகக் கருதப்படும் சொல் என்று இன்றைய அகராதிகள் எச்சரிக்கையும் சேர்க்கின்றன. இத்தனை இழிவு இதற்கு எங்கிருந்து வந்தது?

சொல் பிறந்த கதையில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ இந்திய அகராதி இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, மேற்கிந்தியாவின் கோலி என்ற இனப் பெயர். மும்பையின் பழங்குடி மீனவர்களும் அந்தப் பெயர் உடையவர்களே. தாராவி கோலிவாடா, சயான் கோலிவாடா என்று நாம் நாள்தோறும் சொல்வதெல்லாம் அந்தப் பெயரால்தான். மற்றொன்று, தமிழில் நாம் வழங்கும் கூலி. இந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் சொல்லும் இதில் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. ஆற்றில் பல ஓடைகள் வந்து சேர்வதுபோல இந்தச் சொல்லிலும் பல சேர்ந்திருக்கலாம்.

ஆனால் ஒன்றில் சந்தேகமே இல்லை. தமிழில் கூலி என்பது ஆளின் பெயர் அல்ல. அது செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். திருக்குறளின் 619-வது குறளில் இந்தச் சொல் இருக்கிறது. தெய்வத்தால் ஆகாத காரியமானாலும், உடலை வருத்திச் செய்த முயற்சி அதற்குரிய பலனைத் தரும் என்பது அதன் கருத்து. அந்தப் பலனுக்கு வள்ளுவர் இட்ட பெயர்தான் கூலி. தாழ்வான சொல்லாக இருந்தால் அந்த இடத்தில் அதை வைத்திருப்பாரா?

வள்ளுவரை விடுங்கள். நகைக்கடைக்குப் போனால் செய்கூலி, சேதாரம் என்கிறார்கள். வண்டிக்கூலி, தையற்கூலி, அத்தக்கூலி என்று நாமே சொல்கிறோம். எல்லாம் பணத்தைத்தான் குறிக்கின்றன. கூலி வாங்குகிறவரைச் சொல்ல வேண்டுமானால் கூலிக்காரர், கூலியாள் என்று நம் முன்னோர் தனிச்சொல் வைத்திருந்தார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராக நிலைத்தது. தோட்டங்களுக்குக் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றிய காலத்தில் அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளரை இறக்கியது. அங்கே போனவர்களெல்லாம் கூலிகள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் கூலிகள். 1893-ல் அந்த ஊருக்கு வழக்குக்காகப் போன காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். இந்தியர்களை அங்கே 'சாமி' என்றும் அழைத்தார்கள் என்று தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். முத்துசாமி, கந்தசாமி என்ற நம் பெயர்களின் வால்தான் அந்தச் சாமி. ஆக, அந்நிய மண்ணில் இந்தியனைக் குறைத்துப் பேசப் பயன்பட்ட இரண்டு சொற்களும் நம் வாயில் புழங்கியவை. ஒன்று நம் உழைப்பின் பலனுக்குப் பெயர். மற்றொன்று நாம் கும்பிடும் தெய்வத்துக்குப் பெயர்!

இதில் வேதனை என்னவென்றால், சொல் ஊதியத்தை விட்டு ஆளின்மேல் ஏறியபோது ஊதியம் பின்னால் போய்விட்டது. "கூலி எவ்வளவு?" என்ற கேள்வி மறைந்து, "எத்தனை கூலிகள்?" என்ற கணக்கு வந்தது.

பெயரை மாற்றினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். 2016 ரயில்வே பட்ஜெட்டில் அமைச்சர் சுரேஷ் பிரபு அதைத்தான் அறிவித்தார். கூலிகள் இனி 'சஹாயக்' என்று அழைக்கப்படுவார்கள் என்றார். உதவியாளர் என்று பொருள். நல்ல எண்ணந்தான். ஆனால் சுமைக்கூலி பயணி தருவதாகவே இருந்தது. ரயில்வே மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. பெயர் மாறினால் அடுப்பு எரிந்துவிடாது.

இதே மகாராஷ்டிரத்தில் வேறொரு பாடமும் இருக்கிறது. மராத்தியில் 'மாதா' என்றால் தலை. தலைச்சுமை தூக்குகிறவர் 'மாதாடி'. அண்ணாசாகேப் பாட்டீலின் தலைமையில் அந்தத் தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்தார்கள். 1969-ல் மாதாடி, ஹமால் தொழிலாளர் சட்டம் பிறந்தது. வாரியம் அமைந்தது. தொழிலாளியும் முதலாளியும் அதில் பதிவு செய்தார்கள். கூலி வாரியத்தின் வழியாக வந்தது, சேமநிதியும் வந்தது. மாதாடி என்ற பெயரை யாரும் மாற்றவில்லை. பெயரோடு ஊதியத்தைக் கட்டிவைத்தார்கள். பெயருக்கு மதிப்பு தானே வந்தது.

இதெல்லாம் ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் உரிய பேச்சு, நமக்கென்ன என்று குமாஸ்தா நண்பர்கள் இருந்துவிட வேண்டாம். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்று ஓர் இடம் இருக்கிறது. எழுதத் தெரியாத தகப்பனுக்காக நம்மில் ஒருவர்தான் அதை நிரப்புகிறோம். "என்ன வேலை?" "கூலி வேலைங்க, ஐயா." உடனே கூலி என்று எழுதிவிடுகிறோம். அந்த மனிதர் சென்ட்ரிங் அடிப்பவராக இருக்கலாம். தோல்பை தைப்பவராக, வெல்டிங் செய்பவராக இருக்கலாம். இருபது ஆண்டுத் தொழில் ஒரு சொல்லில் கரைந்து போகிறது.

இது வெறும் மான அவமானப் பிரச்சினை அல்ல, பணப் பிரச்சினை. 2004-ல் விபத்தில் அடிபட்ட கர்நாடகத் தொழிலாளி ஒருவரின் வழக்கைப் பாருங்கள். தொழில் கூலி. மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்தேன் என்றார். தீர்ப்பாயம் அதை ஏற்காமல், நாளுக்கு 100 ரூபாய் என்று தானே ஊகித்து, மாத வருமானம் 3,000 ரூபாய் என்று முடிவு கட்டியது. 2011-ல் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் 4,500 ரூபாய் ஏற்கப்பட்டது. தொழிலும் ஊதியமும் தாளில் தெளிவாக இல்லாதவருக்கு மற்றவர்கள்தான் மதிப்புப் போடுகிறார்கள். எத்தனை பேரால் டில்லி வரை போக முடியும்?

ஆகவே எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2021-ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவானாலும், குழந்தையின் பள்ளித் தாளானாலும், வங்கிப் படிவமானாலும், 'கூலி' என்று எழுதுவதற்கு முன் இன்னொரு கேள்வி கேளுங்கள். "கையால் என்ன வேலை செய்கிறீர்கள், அண்ணாச்சி?" அவர் சொல்லும் தொழிலை எழுதுங்கள். உழைக்கும் தோழர்களும் "கூலி வேலைதான்" என்று தலையைக் குனிந்து சொல்வதை விடுங்கள். கற்ற தொழிலின் பெயரை நிமிர்ந்து சொல்லுங்கள். மேஸ்திரியிடமும் காண்டிராக்டரிடமும் வாங்கும் பணத்துக்கு நாள் வாரியாகக் குறிப்பு வையுங்கள். முடிந்தால் கையெழுத்தும் வாங்குங்கள்.

கூலி என்ற சொல்லை அகராதியிலிருந்து அழிக்க நம்மால் ஆகாது, அழிக்கவும் வேண்டாம். அது நம் சொல். ஆளின் தலையிலிருந்து அதை இறக்கி, அவர் கைக்கு வர வேண்டிய பணத்தின்மேல் திரும்ப வைப்போம். யாரையும் கூலி என்று கூப்பிட வேண்டாம். யாருடைய கூலியையும் குறைக்கவும் வேண்டாம்.