கணினியும் நாமும்: கடைசி இருக்கையிலிருந்து காண்க



ஆனேக்கல் வட்டத்தில், ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் அத்திப்பள்ளியிலும், நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கின்றனர். "மகனுக்கு என்ன வேலை?" என்று ஊரார் கேட்டால் விடை சொல்ல அறியாது விழிக்கும் பெற்றோரும் பலர். அவ்வேலையின் ஒரு கூற்றை இத்திங்கள் காண்போம்.

ஓர் அலுவலகத்தில் அறுபது கணினிகள் உள்ளன என்று கொள்வோம். புதிய பிரிண்டர் ஒன்று வந்தாலும், கோப்புகள் வேறிடத்திற்கு மாறினாலும், அறுபது மேசைகளுக்கும் நடந்து சென்று திருத்துவது இரண்டு நாள் வேலை. இதனைத் தவிர்க்க வந்ததே 'லாகான் ஸ்கிரிப்ட்'. செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிய சிறு குறிப்பு அது. அதனைத் தலைமைக் கணினியாகிய சர்வரில் ஒருமுறை வைத்தாற் போதும். காலையில் ஊழியர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டவுடன், அவர்தம் கணினி அக்குறிப்பைப் பெற்றுத் தானே நிறைவேற்றிக்கொள்ளும். விண்டோஸ் 2000 தொட்டு வந்துள்ள 'குரூப் பாலிசி' வாயிலாக, எப்பிரிவினர்க்கு எக்குறிப்பு என்று பகுத்து வைக்கவும் இயலும்.

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. 1906இல் இந்தியப் பொது நேரம் நாட்டு வழக்கிற்கு வருமுன், பல்லாண்டுகள் நம் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தையே பின்பற்றின. சென்னையிலிருந்து தந்தி வழியே நேரம் வரும். நிலையங்கள்தோறும் கடிகாரங்களை அதற்கிணங்கத் திருத்துவர். ஓரிடத்துச் சொல் ஊரெங்கும் நடந்தது. அவ்வோரிடம் பிசகின் ஊரெங்கும் பிசகும் என்பதும் உண்மையன்றோ?

என் தமக்கையின் மகன் ஓர் அலுவலகத்தில் இப்பணி செய்கிறான். ஊதியக் கோப்புகளைப் புதிய இடத்திற்கு மாற்றி, பழைய வழியை நீக்கிப் புதிய வழியைச் சேர்க்குமாறு குறிப்பு எழுதினான். தன் கணினியில் சோதித்தான், செவ்வனே நடந்தது. மறுநாள் சம்பள நாள். காலையில் கணக்குப் பிரிவினர் எவர் திரையிலும் ஊதியக் கோப்புகள் இல்லை. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாலை வரை வாயிலில் காத்து நின்றனர். அவர்களுள் ஒருவர் அன்று மகளின் பள்ளிக் கட்டணம் செலுத்த வேண்டியவர்.

"எங்கே பிசகிற்று, மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"என் பெயருக்கு எல்லாக் கதவுகளும் திறக்கும், மாமா. அவர்கள் பெயருக்குப் புதிய இடத்தில் அனுமதியே இல்லை. பழைய வழி நீங்கிற்று, புதிய வழி திறக்கவில்லை" என்றான்.

ஆம், லாகான் ஸ்கிரிப்ட் நுழைபவருக்கு உள்ள உரிமையைக் கொண்டே இயங்கும். எழுதியவருடைய உரிமை அதற்கு வாராது. அனுமதி தந்து, அனைவரையும் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையச் செய்தவுடன் குறை தீர்ந்தது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2024 ஜூலை 19ஆம் நாள், 'கிரவுட்ஸ்டிரைக்' நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்கு அனுமதிச்சீட்டைக் கையால் எழுதித் தந்தனர். நொடியில் பரவிய பிழையை நீக்க, பல கணினிகளை ஒவ்வொன்றாகக் கைதொட்டுத் திருத்த நேர்ந்தது.

இப்போது என் மருமகன் ஒரு விதி வைத்துள்ளான். குறிப்பு எதுவாயினும் முதலில் மிகக் குறைந்த உரிமையுள்ள ஊழியரின் பெயரில் நுழைந்து பார்ப்பான். பின் ஒரு சிறு பிரிவுக்கு மட்டும் விடுவான். ஒரு நாள் கழித்தே அனைவர்க்கும். சம்பள நாளுக்கு முதல் நாள் எதனையும் மாற்றான்.

இவ்விதி கணினிக்கு மட்டும் உரியதன்று. நம் சங்கத்திலாயினும் இல்லத்திலாயினும் பலர்க்கும் பொதுவாய் ஒன்றை வகுப்பவர், கடைசி இருக்கையில் அமர்ந்து அதனை ஒருமுறை பார்த்தல் நன்று. வாயிலில் காத்து நிற்பவர் பெரும்பாலும் நம்மவரே.