சைக்கோன்னு சொல்றதுக்கு முன்னாடி...

'பிறவிக் கொலைகாரன் மூளை'ன்னு ஸ்கேன் படத்தைக் காட்டி வீடியோ போடறாங்க பாருங்க, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். இது பழைய கள்ளு, புது மொந்தை!

1857-ல மோரெல்னு ஒரு பிரெஞ்சு மனநல மருத்துவர் புத்தகம் போட்டார். குடி, சதுப்புநிலக் காய்ச்சல், மோசமான சாப்பாடு எல்லாம் ஒரு தலைமுறையைக் கெடுக்கும்; கேடு பிள்ளைகளுக்கு இறங்கி இன்னும் மோசமாகும்; நாலாவதுல வம்சமே அத்துப்போகும். இதுக்குப் பேர் சீரழிவுக் கோட்பாடு. "அவன் பரம்பரையே அப்படித்தான்"னு திண்ணையில பேசறதுக்குக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரி. ஆனா ஒண்ணு, வாழற நிலைமையைச் சரிபண்ணினா தடுக்கலாம்னும் அந்த மனுஷன் நம்பினார். பின்னாடி வந்தவங்க அதை வசதியா மறந்துட்டாங்க.

1876-ல இத்தாலிக்காரர் லொம்ப்ரோசோ தாடையையும் காதையும் வச்சே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்னார். 1891-ல ஜெர்மனியில கோக் (காசநோய்க் கிருமி கோக் இல்லீங்க, இவர் வேற) வச்ச பேர் 'சைக்கோபாத்தியத் தாழ்வு'. தாழ்வாம்! அதுல ஈவிரக்கமில்லாதவங்க மட்டுமில்ல, தொட்டதுக்கெல்லாம் அழறவங்களும் அடக்கம். நாம இன்னைக்கு சர்வசாதாரணமா வீசற 'சைக்கோ' இந்த வழியா வந்ததுதான்.

1913-ல கோரிங் சுமார் 3000 இங்கிலாந்துக் கைதிகளை அளந்து பார்த்து, குற்றவாளிக்குன்னு தனி உடல்வாகு கிடையாதுன்னு காட்டினார். காட்டி என்ன புண்ணியம்? அவரே குற்றத்துக்குக் காரணம் பரம்பரையா வர்ற மந்தபுத்தின்னுட்டார். 1933 ஜூலைல நாஜி ஜெர்மனி 'பரம்பரை நோயாளி'களுக்குக் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டுச்சு. கத்தி பட்டவங்க சுமார் 4 லட்சம் பேர்.